வீல்சேர் கேக்குறவங்க எல்லாரும் ஏமாத்துறவங்க இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதத்துல ஒருத்தர் எழுதியிருந்தார், வெளிநாட்டுல இருந்து வர்ற ஃப்ளைட்ல எல்லாம் நல்லா நடக்குற ஆளுங்களே வீல்சேர்ல உக்காந்து வர்றாங்க, க்யூல நிக்காம போறதுக்கு இது ஒரு தந்திரம், இனிமே இவங்ககிட்ட காசு வாங்கணும்னு. கோவத்துல எழுதியிருந்தாலும் அவர் சொன்னதுல பாதி உண்மை, அதை நான் மறுக்கல. மீதி பாதியை நான் சொல்றேன், ஏன்னா இப்பதான் டல்லாஸ்ல பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு நானும் என் வீட்டுக்காரியும் திரும்பி வந்தோம், கிளம்புன இடத்துல இருந்து வந்து சேர்ற வரைக்கும் வீல்சேர் வரிசையிலயே தான் எங்க பொழுது போச்சு, அந்த வரிசைல யாரு யாரு ஏன் உக்காந்திருக்காங்கன்னு பக்கத்துல இருந்து பாத்தேன்.

முதல்ல எங்க விஷயத்தை சொல்லிடறேன், இல்லன்னா என்னையும் ஏமாத்துக்காரன் லிஸ்ட்ல சேத்துடுவீங்க. என் வீட்டுக்காரிக்கு ஒரு முட்டி ஆபரேஷன் ஆயிடுச்சு, இன்னொரு முட்டி பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டே இருக்கார், அவ தள்ளிப் போட்டுட்டே இருக்கா. வீட்டுக்குள்ள நடப்பா, கோயில் பிரகாரம்னா ஒரு சுத்து, அதுக்கு மேல முடியாது. எனக்கு கால்ல ஒண்ணும் இல்ல. ஆனா பொண்ணு டிக்கெட் போடறப்ப ரெண்டு பேருக்குமே வீல்சேர் போட்டுட்டா, கேட்டா "அம்மாவை ஒரு பக்கம் தள்ளிட்டுப் போய் நீங்க ஒரு பக்கம் நிப்பீங்கப்பா, அப்புறம் நான் இங்க தூங்கவே மாட்டேன்"ங்கறா. கவுன்ட்டர்ல என்னோடதை வேணாம்னு சொல்லிட்டு நான் பேக்கை தூக்கிக்கிட்டு கூடவே நடந்தேன், தள்றவங்க நடக்குற வேகத்துக்கு நான் ஓடத்தான் வேண்டியிருந்தது, அது வேற விஷயம்.

கிளம்புற அன்னைக்கு வீடே ஒரு கூத்து. ஆளுக்கு ரெண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. போகும்போது பருப்புப்பொடி, வத்தல், அப்பளம், பேரனுக்கு கை முறுக்குன்னு கொண்டு போன பெட்டி எல்லாம் வரும்போது பாதாம், சாக்லேட், வைட்டமின் மாத்திரை, சொந்தக்காரங்க பிள்ளைங்களுக்கு சட்டை, இதெல்லாம் நம்ம ஊர்லயே கிடைக்குதுன்னு சொன்னா கேக்க மாட்டாங்க. மாப்பிள்ளை அந்த கொக்கி மாதிரி தொங்கவிட்டு எடை பாக்குற மெஷினை வச்சு ஒவ்வொரு பெட்டியா தூக்கிப் பாத்துட்டே இருந்தார், இதுல அரை கிலோ கூட, அதுல ஒரு கிலோ கம்மி, பாதாம் பாக்கெட் இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்க. பேரன் பெட்டிக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டான், என்னையும் எடை போடுங்கன்னு. அதுல என் வீட்டுக்காரி அழ ஆரம்பிச்சவதான், ஏர்போர்ட் போற வரைக்கும் நிக்கல.

டல்லாஸ் ஏர்போர்ட்ல செக்யூரிட்டில என் வீட்டுக்காரி முட்டில இருக்கற மெட்டலுக்கு மெஷின் கத்திடுச்சு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. ஒரு ஆபீசர் அம்மா வந்தாங்க, இவளுக்கு அவங்க பேசுற இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியல, அந்தம்மா உடனே பேசறதை நிறுத்திட்டு தன் முட்டியை தட்டிக் காமிச்சு, கத்தி வச்சு கீறற மாதிரி ஜாடை பண்ணி கேட்டாங்க, இவ ஆமான்னு தலையாட்டினா, அப்புறம் கையை எங்கெங்க வச்சு செக் பண்ணப் போறேன்னு முதல்ல தன் உடம்புலயே தொட்டுக் காமிச்சுட்டுதான் இவ மேல கை வச்சாங்க. முடிஞ்சதும் கன்னத்துல லேசா ஒரு தட்டு. அந்த வேலைல அவங்களுக்கு அதெல்லாம் பண்ணணும்னு ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, அமெரிக்காவை விட்டு கிளம்பறப்ப பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் அடிக்கிற கவுன்ட்டரே கிடையாது, நம்ம ஊர்ல இருக்கற மாதிரி இமிக்ரேஷன் எங்கன்னு நம்ம பெரியவங்க பலபேர் பாஸ்போர்ட்டை கையில வச்சுக்கிட்டு தேடிட்டே இருக்காங்க, யாரும் சொல்றதும் இல்ல. பொண்ணு முன்னாடியே சொல்லி அனுப்புனதால நாங்க தப்பிச்சோம்.

ஃப்ளைட்ல சாப்பாடு பத்தி ஒரு விஷயம் கண்டிப்பா எழுதணும், இது தெரியாம நிறைய பேர் பட்டினி கிடக்கறாங்க. டிக்கெட் போடறப்ப "ஹிந்து மீல்"னு ஒண்ணு இருக்கும், நம்ம பிள்ளைங்க சைவம்னு நினைச்சு அதை போட்டுடறாங்க. அது சைவம் இல்லைங்க. மாட்டுக்கறி இருக்காது அவ்வளவுதான், கோழி வரும், ஆடு வரும், மீன் வரும். சைவம் வேணும்னா "ஏசியன் வெஜிடேரியன்"னு இருக்கும், அதைத்தான் போடணும். எங்களுக்கு முன் சீட்ல ஒரு குண்டூர் பக்கத்து பெரியவர் தட்டை திறந்து பாத்துட்டு அப்படியே மூடி வச்சுட்டார், ரெண்டாவது சாப்பாட்டுக்கும் அதே கதை. எங்க பொண்ணு புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக் கொடுத்திருந்தா, தயிர்சாதம் தான் கட்டணும்னு இவ சொன்னதுக்கு தயிர் எல்லாம் செக்யூரிட்டில தண்ணி கணக்குல சேத்துடுவாங்கம்மான்னு தடுத்துட்டா, நல்லதா போச்சு. புளியோதரையை அவருக்கு பாதி கொடுத்தோம். அவருக்கு தமிழ் தெரியாது, எங்களுக்கு தெலுங்கு தெரியாது, புளிகோராங்கறது மட்டும் ரெண்டு பக்கமும் புரிஞ்சது. அதுக்கப்புறம் அவ்வளவு நேரமும் என் வீட்டுக்காரி பாத்ரூம் போக எழுந்திரிக்கறப்பல்லாம் அவர் தன் பையனை எழுப்பி விட்டுடுவார், போய் அந்த அம்மாவுக்கு கதவை திறந்து விடுறான்னு. அந்த கதவு நடுவுல மடியற கதவு, தள்ளணும், இழுத்தா வராது, வெளில வயசானவங்க இழுத்துக்கிட்டு நிக்கறதை நான் எத்தனை பேரை பாத்தேன்.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயம். நடுவுல வளைகுடால ஒரு ஏர்போர்ட்ல மாறணும், எந்த ஊருன்னு எழுதல, எழுதி யாருக்கும் கெட்ட பேர் வேணாம். ப்ளேன் கதவை விட்டு வெளிய வந்தா வீல்சேர் சொன்னவங்க எல்லாம் ஒரு பக்கமா நில்லுங்கன்னுட்டாங்க. பாத்தா ஒரு பெரிய கூட்டமே நிக்குது, கல்யாண மண்டபத்துல பந்திக்கு நிக்கற மாதிரி. நம்ம ஊர், ஆந்திரா, கேரளா, குஜராத், பஞ்சாப், எல்லாரும் அப்பா அம்மா வயசு. சேர் வந்துட்டு வந்துட்டு ரெண்டு மூணு பேரா ஏத்திட்டுப் போறாங்க. என் வீட்டுக்காரி சுவத்துல சாஞ்சு ஒத்தக்கால்ல நிக்கறா, உக்கார ஒரு இடம் இல்ல, அடுத்த ஃப்ளைட்டுக்கு நேரம் ஓடுது. எனக்கும் அப்ப உங்க வாசகருக்கு வந்த அதே கோவம் வந்தது, இத்தனை பேருக்குமா கால் வராதுன்னு.

எனக்கு முன்னாடி நாமக்கல் பக்கத்து அம்மா ஒருத்தங்க. எழுபது வயசு இருக்கும், ஒல்லியா, விறைப்பா நிக்கறாங்க, கைல ஒரு கனமான பை, அதை கீழ கூட வைக்கல. பேச்சுக் கொடுத்தேன், காலு ரொம்ப முடியலையாம்மான்னு. சிரிச்சுட்டாங்க. "காலெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, தோட்டத்துல காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் நிப்பேனுங்க. இந்த இங்கிலீசு தானுங்க நொண்டுது"ன்னாங்க.

எனக்கு பேச்சே வரல. அவங்க பையன் சியாட்டில்ல இருக்கானாம், மருமகளுக்கு குழந்தை பொறந்தப்ப போனாங்களாம், தனியா வந்து தனியா திரும்பறாங்க. எழுத்துக் கூட்டி தமிழ் படிப்பாங்க, இங்கிலீஷ் எழுத்து தெரியாது, கேட் நம்பர் மட்டும் பாப்பாங்க, அதுவும் முன்னாடி ஏ, பி, சின்னு ஒரு எழுத்து வரும் இல்ல, அது என்னன்னு தெரியாது. போர்டிங் பாஸ்ல எங்க பாக்கணும்னும் தெரியாது. பையன் என்ன பண்ணுவான்? அம்மாவை ஒரு ஆள் கையைப் பிடிச்சு ஒரு கேட்ல இருந்து இன்னொரு கேட்டுக்கு கூட்டிட்டுப் போகணும், அதுக்கு டிக்கெட் போடற இடத்துல இருக்கற ஒரே வழி வீல்சேர்தான். அதை க்ளிக் பண்ணிட்டான். அவங்க கழுத்துல ஒரு ப்ளாஸ்டிக் கவர் தொங்குது, அதுக்குள்ள பெரிய பெரிய எழுத்துல இங்கிலீஷ்ல ஒரு சீட்டு, இவங்களுக்கு தமிழ் மட்டும்தான் தெரியும், சென்னை போறாங்க, இந்த ஃப்ளைட், கேட்டுக்கு கூட்டிட்டுப் போய் விடுங்க, சாப்பாடு சைவம், அவசரம்னா இந்த நம்பர், அப்படின்னு. அந்த சீட்டு எழுதின பையன் ஏமாத்துக்காரனா?

அந்த வரிசைல நின்ன நேரத்துல அங்கங்க விசாரிச்சேன் (போஸ்ட் ஆபீஸ்ல கவுன்ட்டர்ல உக்காந்த பழக்கம், நாலு பேரை விசாரிக்காம இருக்க முடியாது). பக்கத்துல இருந்தவங்கள்ல பலபேர் கதை இதேதான், தமிழ்னு இல்ல, குஜராத்தி பாட்டிக்கும் பஞ்சாபி தாத்தாவுக்கும் இதேதான், பாஷை பயம். க்யூவை தாண்டறதுக்குன்னே உக்காந்தவங்களும் இருந்தாங்க, இல்லன்னு சொல்லல, அதுல ஒருத்தர் ட்யூட்டி ஃப்ரீ கடையை பாத்ததும் சேரை விட்டு எழுந்து போய் சென்ட் பாட்டில் வாங்கிட்டு வந்து திரும்ப உக்காந்துக்கிட்டார், தள்ளிட்டு வந்த பையன் முகத்தை பாக்கணுமே.

இதுல கஷ்டப்படறது யாருன்னா நிஜமா கால் வராதவங்க. 2024 பிப்ரவரில மும்பை ஏர்போர்ட்ல நடந்தது உங்க வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். நியூயார்க்ல இருந்து மனைவியோட வந்த 80 வயசு பெரியவர், ரெண்டு பேருக்கும் வீல்சேர் சொல்லியிருந்தும் வந்தது ஒண்ணுதான், அதுல மனைவியை உக்கார வச்சுட்டு இவர் கூடவே நடந்து வந்தார், இமிக்ரேஷன் கிட்ட விழுந்தவர் பிழைக்கல. விமானப் போக்குவரத்தை கண்காணிக்கற நம்ம அரசாங்க அமைப்பு டிஜிசிஏ, அந்த விமான கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டுச்சு. வீல்சேருக்கு அன்னைக்கு ரொம்ப டிமாண்ட் இருந்ததுன்னு கம்பெனி சொன்னதாவும் பேப்பர்ல வந்தது. அந்த டிமாண்ட்ல எத்தனை காலுக்கு, எத்தனை பாஷைக்குன்னு யாராவது கணக்கு எடுத்தாங்களா?

காசு வாங்கணும்னு உங்க வாசகர் சொல்றதுல எனக்கு உடன்பாடே இல்ல. முடியாதவங்களுக்கு இந்த உதவி இலவசம்ங்கறது நம்ம டிஜிசிஏ விதியிலயே இருக்கு, 48 மணி நேரம் முன்னாடி சொல்லணும், அவ்வளவுதான். அமெரிக்காவுலயும் 1986லயே இதுக்கு சட்டம் வந்தாச்சு. காசுன்னு வச்சா, க்யூவை தாண்டறவன் காசு கொடுத்து உக்காருவான், முட்டி வலிக்கறவ கணக்கு பாத்துட்டு நடப்பா. என் வீட்டுக்காரி கண்டிப்பா நடப்பா, எனக்கு தெரியும்.

விமான கம்பெனிகளோட கம்ப்யூட்டர்லயே வீல்சேர்ல மூணு வகை இருக்கு. தூரம் மட்டும் நடக்க முடியாது, படி ஏறுவாங்க, சீட்டுக்கு அவங்களே போவாங்கங்கறது ஒண்ணு. படியும் ஏற முடியாதுங்கறது ரெண்டாவது. சீட் வரைக்கும் தூக்கித்தான் உக்கார வைக்கணும்ங்கறது மூணாவது. இது போக, வீல்சேரே இல்லாம, வந்து பாத்து கூட்டிட்டுப் போய் விடறதுக்குன்னு தனியா ஒரு குறியீடும் இருக்கு, மீட் அண்ட் அசிஸ்ட்னு சொல்றாங்க. வயசானவங்க, பாஷை தெரியாதவங்களுக்குன்னே இருக்கறது. ஆனா நம்ம பிள்ளைங்க டிக்கெட் போடற பக்கத்துல அது கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கறதில்ல, சில இடத்துல அதையே விஐபிங்களுக்கு மாதிரி தனி ரேட் போட்டு விக்கறாங்க. தனியா வர்ற சின்னப் பசங்களுக்கு ஏற்பாடு இருக்கு, ஒரு ஆள் கையெழுத்து போட்டு கூட்டிட்டுப் போய் இன்னொரு ஆள்கிட்ட கையெழுத்து வாங்கி ஒப்படைக்கறாங்க. தனியா வர்ற பாட்டிக்கு மட்டும் சேர்.

நாலு பாட்டிங்களை ஒண்ணா சேத்து ஒரே ஒரு ஆள் முன்னாடி நடந்து கூட்டிட்டுப் போக முடியாதா? முடியும், அங்க நானே பாத்தேன். எங்களுக்கு வந்தது ஒரு நேபாளி பையன், இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். என் வீட்டுக்காரியை உக்கார வச்சான், நாமக்கல் அம்மாவுக்கு இன்னும் சேர் வரல, அவங்க கழுத்து சீட்டை எடுத்து படிச்சான், எங்க போர்டிங் பாஸை பாத்தான், ஒரே ஃப்ளைட். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு அவங்க பையை வாங்கி என் வீட்டுக்காரி மடில வச்சுட்டு "அம்மா, வாங்க, போலாம்"னான். தமிழ்ல. கூட இருந்த இன்னொரு தமிழ் தம்பதியையும் கூப்பிட்டான். அஞ்சு பேர், ஒரு சேர், ஜம்முனு போயிட்டோம். நடந்துட்டே கேட்டேன், எங்க தமிழ் கத்துக்கிட்டேன்னு. இங்கதான், டெய்லி அம்மாங்களை தள்ளித் தள்ளி வந்துடுச்சுன்னு இந்திலயும் இங்கிலீஷ்லயும் கலந்து சொன்னான். அவனுக்கு தெரிஞ்சது வாங்க, போலாம், உக்காருங்க, தண்ணி, பாத்ரூம், சாப்பாடு, அப்புறம் "பயப்படாதீங்க". இந்த ஏழு வார்த்தை போதும்ங்க ஒரு ஏர்போர்ட்டை தாண்டறதுக்கு. கேட்ல விட்டப்ப நான் அஞ்சு டாலர் எடுத்து நீட்டினேன், டல்லாஸ்ல டிப்ஸ் கொடுக்கணும்னு பொண்ணு சில்லறை கொடுத்து வச்சிருந்தா. அவன் வாங்கல, சிரிச்சுட்டு திரும்ப ஓடிட்டான், அங்க இன்னும் வரிசை நிக்குதே.

போர்டு விஷயமும் சொல்லணும். சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல தமிழ்லயும் போர்டு இருக்கு, அங்க தமிழ் ஆட்சி மொழி. மத்த நாட்டுக்காரன் தமிழ்ல எழுதணும்னு நாம கேக்க முடியாது, சரி. ஆனா கேட்டுக்கு பூ, மீன், யானைன்னு ஒரு படம் போட்டா எந்த பாஷைக்காரனுக்கும் புரியும். என் கூட வேலை பாத்த நண்பர் ஒருத்தர் தோஹா வழியா வந்தப்ப, அங்க நடுவுல ஒரு பெரிய மஞ்ச கரடி பொம்மை வச்சிருக்காங்க இல்ல, பையன் அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கான், எங்க போனாலும் கரடிகிட்ட திரும்பி வந்து நில்லுங்கப்பான்னு. அவர் ஒரு எழுத்து படிக்காம கரடியை வச்சே சமாளிச்சுட்டு வந்துட்டார்.

சென்னைக்கு வர்ற ஃப்ளைட்ல அறிவிப்பு எல்லாம் அரபி, இங்கிலீஷ், அப்புறம் இந்தி. உள்ள உக்காந்திருந்தது முக்காவாசி நம்மாளுங்க, வளைகுடால கட்டட வேலை, ட்ரைவர் வேலை பாத்துட்டு லீவுக்கு வர்ற பசங்க. பெல்ட் போடுங்கன்னு தமிழ்ல ஒரு வரி சொன்னா என்ன ஆயிடும், ஒரு ரெக்கார்டு போட்டா கூட போதுமே. சொல்லாததால எங்க வரிசைல பெரம்பலூர் பக்கத்து பையன் ஒருத்தன்தான் அந்த வேலையை பாத்தான், ஒவ்வொரு அறிவிப்பு முடிஞ்சதும் நாமக்கல் அம்மா அவனை திரும்பிப் பாப்பாங்க, அவன் "ஒண்ணுமில்ல ஆத்தா, காத்து அடிக்குதாம், ஆடும்"னுவான், "எறங்கப் போகுது ஆத்தா, சீட்டை நிமித்திக்கோங்க"ன்னுவான். ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்கு வர்றானாம், அவன் குழந்தையை இதுவரைக்கும் நேர்ல பாத்ததே இல்ல, போன்ல பாத்ததுதான், அந்த நெனப்புலயும் இந்த வேலையை பாத்தான்.

இறங்கினப்புறம் அடுத்த கூத்து போன். அமெரிக்கா சிம் இங்க வேலை செய்யல, நம்ம சிம் ரீசார்ஜ் பண்ணாம கால் போகல, சரி வைஃபை போடலாம்னா ஓடிபி வரணுமாம், எந்த நம்பருக்கு வரும்? வெளிநாட்டுல இருந்து வந்து இறங்கறவன் கைல ஓடுற நம்பர் இருந்தா அவன் ஏன் வைஃபை கேக்கறான்? அங்கயும் அந்த பெரம்பலூர் பையன்தான், தன் போன்ல இருந்து எங்க பொண்ணுக்கு ஒரு மெசேஜ், நாமக்கல் அம்மா பையனுக்கு ஒண்ணு, வெளில காத்துக்கிட்டிருந்த அவங்க தம்பி மகனுக்கு ஒரு கால். இமிக்ரேஷன்ல நம்மாளுங்க ஃபாரம் எழுதற வேலை மட்டும் இப்ப இல்ல, வர்றவங்களுக்கு 2014லயும் போறவங்களுக்கு 2017லயும் அதை எடுத்துட்டாங்க, நல்ல காரியம். முன்னல்லாம் அந்த ஃபாரத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி எத்தனை பேர் பேனாவோட பின்னாடியே வருவாங்க. இப்ப 2025ல இருந்து சென்னைல பதிவு பண்ணினவங்களுக்கு ஆளே இல்லாத தானியங்கி கேட் வந்திருக்கு, படிச்சவங்களுக்கு வேகமா போகும், சந்தோஷம். ஆனா மெஷின் "பயப்படாதீங்க"ன்னு சொல்லாது.

அதனால என் வேண்டுகோள் இதுதான். டிக்கெட் போடற பக்கத்துல வீல்சேருக்கு பக்கத்துலயே "நடப்பாங்க, வழிகாட்ட ஆள் மட்டும் போதும்"னு ஒரு கட்டம் வைக்கச் சொல்லுங்க, காசு இல்லாம. அது வந்தாலே சேர் வரிசைல பாதிப் பேர் குறைஞ்சிடுவாங்க, என் வீட்டுக்காரி மாதிரி ஆளுங்களுக்கு சேர் நேரத்துக்கு வரும். விமான கம்பெனிங்களுக்கு யார் எழுதினாலும் தானா ஒரு பதில் மெயில் வரும், அதோட சரி, உங்க பேப்பர் எழுதினா ஒருவேளை படிப்பாங்க.

அது வர்ற வரைக்கும் இன்னொரு உதவி நீங்களே பண்ணலாம். நாமக்கல் அம்மா கழுத்துல இருந்த சீட்டு மாதிரி, ஒரு பக்கம் தமிழ்லயும் ஒரு பக்கம் இங்கிலீஷ்லயும், பேர், போற ஊர், ஃப்ளைட் நம்பர், சாப்பாடு, மாத்திரை, பிள்ளை நம்பர் எழுத இடம் விட்டு ஒரு ஞாயித்துக்கிழமை பேப்பர்ல பெரிய எழுத்துல போடுங்க. வெட்டி எடுத்து வச்சுக்கறவங்க வச்சுக்குவாங்க. மாத்திரைக்கு கொஞ்சம் பெரிய இடமா விடுங்க, எங்க வயசுல அதுதான் நீளமா வரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்துறை ஊழியர்,
கும்பகோணம்.